ஒடிசியஸ் வேண்டாமென்ற பெயர்

இத்தாக்கா தீவில் ஒடிசியஸ் என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். படகுத்துறையில் டிக்கெட் கொடுத்த ஒடிசியஸ் மட்டும் திரும்ப மாட்டார்; கிண்டலாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பத்தாண்டு போர், பத்தாண்டு கடலலைச்சல் என்று பாடுபட்டு ஊர் திரும்பிய பழைய ராஜாவின் பெயர் அவருக்கு. அவர் செய்த கடற்பயணமோ ஒன்றே ஒன்று. இருபது வயதில் கப்பல் வேலைக்குக் கிளம்பி, பத்ராஸ் துறைமுகம் வருவதற்குள் வாந்தியெடுத்துத் துவண்டு, மறுநாள் படகிலேயே திரும்பிவிட்டார்.

அந்த ராஜாவின் கதைக்குப் பெயர் ஒடிசி; கிரேக்கர்களுக்கு எந்த அலைச்சலும் ஒடிசிதான். பத்திரத்தில் ஒரு முத்திரை வாங்கப் போனவன்கூட, "பெரிய ஒடிசியாப் போச்சு" என்பான். காபிக்கடையில் கூட்டாளி மேமாஸ் கேட்பார்: "உன் ஒடிசியில மொத்தம் எத்தனை வாந்திடா?"

"ஏழு. உன் கல்யாண விருந்துக்கு இதைவிட அதிகம்."

அந்த நாட்களில் தீவுக்காரர்களில் பாதிப்பேர் பிழைக்கப் போய் மெல்போர்னில்தான் இருந்தார்கள். மகன் ஸ்டாத்திஸும் அங்கேதான். பேரன் பிறந்த செய்தி காபிக்கடைத் தொலைபேசியில் வந்தது. முதல் பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது ஊர் வழக்கம். ஒடிசியஸ் பெருந்தன்மையாக, "என் பேரு வேணாம்டா. அதை வச்சுக்கிட்டு நான் பட்டது போதும்" என்றார். மகன் கெஞ்சுவான் என்று காத்திருந்தார்.

"சரிப்பா" என்றான் மகன்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னா அப்படியே எடுத்துக்கறதா?" என்று ஒரு வருடம் பொருமினார்.

"சொன்னதைக் கேக்கற பிள்ளை. கொடுத்துவச்சவன் நீ" என்றார் மேமாஸ்.

அடுத்த கோடையில் மகன் குடும்பத்தார் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஊர் வந்தார்கள். பெயரை ஞானத்தாய்தான் கோயிலில் சொல்ல வேண்டும்; அதுவரை பரம ரகசியம். ஒடிசியஸ் ஞானத்தாய் எவான்தியாவுக்கு ஒரு ஜாடி தேன் கொண்டுபோய்க் கொடுத்து, "என்ன பேரும்மா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"தேன் அருமை மாமா" என்றாள் அவள்.

கோயிலில் பாதிரியார் கேட்டபோது, "லயெர்த்திஸ்" என்றாள். பழைய ராஜாவின் அப்பா பெயர்; போன மகனுக்காகத் தோட்டத்தில் காத்துக்கிடந்த கிழவர்.

"தாத்தா பேரு மாதிரி இந்தப் பேருலயும் ஒரு புனிதர் இல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டே பாதிரியார் குழந்தையைத் தண்ணீரில் முக்கினார்.

வெளியே வந்ததும் மகன் சொன்னான்: "ஊரை விட்டுப் போனவன் நான்தானேப்பா. காத்துக்கிட்டு இருந்தவர் பேரை வச்சோம்."

ஒடிசியஸ் மகன் தோளைத் தட்டிக் கொடுத்தார். மேமாஸ் விடவில்லை: "அப்போ இனிமே பேரனுக்கே நீ பிள்ளைடா!"

ஞானஸ்நான எண்ணெய் மணக்கும் குழந்தையை அவர் வாங்கிக்கொண்டார். "அப்பா," என்றார் அதனிடம், "நீங்களாவது கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க."

இருபது நாள் இருந்தார்கள்.