ஒரு தடவை கேட்டுவிட்டு மணியடித்த சங்கம்

சேவா சங்கத்துக் குமாஸ்தா என்பவன் தருமம் கொடுக்கிறவனும் அல்ல, வாங்குகிறவனும் அல்ல. இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலி போடுகிறவன்.

கல்யாண வீட்டில் ஊருக்கெல்லாம் பந்தி விசாரித்துவிட்டுக் கடைசியில் ரசத்துக்கு வந்து சேர்ந்தவர்கள், கோயில் கமிட்டிக்காக வெயிலில் நோட்டீஸ் கொடுத்தவர்கள், இலக்கியக் கூட்டத்துக்கு ஜமக்காளம் சுமந்தவர்கள், எல்லாரும் நம்ம கட்சி. உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கோயமுத்தூரில் சங்கம் ஆரம்பித்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கடல் தாண்டி எங்கேயோ இருந்த தலைமை ஆபீஸிலிருந்து ஒரு விதிப் புத்தகமும் ஒரு பித்தளை மணியும் வந்திருந்தன. புதன்கிழமைதோறும் பகல் பன்னிரண்டரை மணிக்கு, ரயில் ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல் மாடியில் கூட்டம். மில் முதலாளிகள், பஞ்சு வியாபாரிகள், வக்கீல், டாக்டர், ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் துரை என்று பதினெட்டுப் பேர் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒரு பிரசங்கம் கேட்பார்கள். யாருக்காவது ஏதாவது நல்லது செய்யத் தீர்மானம் போடுவார்கள். சரியாக ஒன்றரைக்கு நான் மணியடிப்பேன். எல்லாரும் கலைந்துவிடுவார்கள். நடந்ததை மினிட் புத்தகத்தில் எழுதி வைப்பதும் என் வேலை. எனக்குச் சின்ன வயசிலிருந்தே வேடிக்கை பார்க்கிற குணம். அதனால் சம்பளம் பற்றாக்குறையாக இருந்தாலும் அந்த உத்தியோகத்தை விட மனசு வரவில்லை.

பெயர் சொல்லும் விதி

விதிப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. அங்கத்தினர்கள் ஒருவரையொருவர் பட்டம், மரியாதை எதுவும் சேர்க்காமல் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். அப்போதுதான் சகோதர பாவம் வளருமாம். தவறினால் உண்டியலில் அபராதம். எங்கள் பக்கத்திலோ நாய்க்குட்டியைக்கூட 'வாங்க சாமி' என்று கூப்பிடுவார்கள். விதி வந்த புதிதில் இரண்டு வாரம் சங்கத்தில் யாரும் யாரையும் கூப்பிடவே இல்லை. உப்பு வேண்டியவர்கள் உப்பைப் பார்த்து இருமினார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் பஞ்சு அரவை ஆலை வைத்திருந்த பழனியப்ப கவுண்டர்தான் அதை முடித்து வைத்தார். எங்கள் தலைவர் பெரிய மில் முதலாளி, நாயுடு, அறுபதைத் தாண்டியவர். அவரைக் கவுண்டர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று வந்தது. கவுண்டர் எழுந்தார், வாயைத் திறந்தார், மூடினார். பிறகு நேரே என்னிடம் வந்து உண்டியலில் ஒரு பத்து ரூபாய் நோட்டைத் திணித்தார்.

"எங்கய்யன் பஞ்சு வண்டியோட அவிங்க வாசல்ல கைகட்டி நின்னவருங்க. என்ர வாயில அவிங்க பேரு வராதுங்க. வருசம் பூராவுக்கும் உண்டான அபராதத்த இப்பவே புடிச்சுக்குங்க."

களியைப் பற்றிய பிரசங்கம்

ஒரு வாரம் ஆகார சாஸ்திரம் படித்த ஒருவர் வந்து பேசினார். தீட்டின அரிசியில் சத்தே இல்லை, கம்பும் ராகியும்தான் உடம்புக்கு உறுதி, ஏழைகளுக்கு இதை எடுத்துச் சொல்வது படித்தவர்கள் கடமை என்றார். அங்கத்தினர்கள் வெள்ளை வெளேரென்ற சோற்றில் நெய் ஊற்றிப் பிசைந்தபடி தலையை ஆட்டினார்கள். டாக்டர் எழுந்து வந்தனம் சொன்னார். ஏழைகளுக்கு இதைப் பிரசாரம் செய்ய ஒரு கமிட்டி போடலாம் என்று தீர்மானமும் ஆயிற்று.

எனக்கு அருகில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தவர் ரங்கசாமி, ஹோட்டல் சிப்பந்தி, ஐம்பது வயசு. பிரசங்கி என்ன சொல்கிறார் என்று என்னிடம் விசாரித்தார். சொன்னேன்.

"அந்தக் களியத்தானுங்க நான் மூணு வேளையும் திங்கறேன். அத எப்பிடித் திங்கறதுன்னு தெரியோணும்னா என்னையக் கேட்டிருக்கலாமுங்களே, எதுக்குங்க கமிட்டி?"

பவானியில் ஒரு தறிக்குழி

உதவி கேட்டு மனுப் போடுகிறவர்கள் உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர்கள்தானா என்று பார்த்துவிட்டு வருவதும் என் தலையில் விழுந்த வேலை. மார்கழி மாதம் பவானியிலிருந்து ஒரு மனு வந்தது. சென்னியப்பன் என்று ஜமக்காள நெசவாளி. பாரவண்டிச் சக்கரம் ஏறி, வலது காலை முழங்காலுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கட்டைக்கால் ஒன்று செய்து கொடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்று உள்ளூர் வாத்தியார் எழுதியிருந்தார். ஈரோடு வரை ரயில், அப்புறம் பஸ். போய்ச் சேர்ந்தேன்.

ஜமக்காளம் நெய்கிற தறி தரையில் வெட்டிய குழிக்கு மேல் இருக்கும். நெசவாளி குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, இரண்டு காலாலும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒற்றைக்காலை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது. தறி முதலாளியுடையது. தை முடியும் வரை பார்ப்பேன், அதற்குமேல் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவேன் என்று அவர் கெடு வைத்திருந்தார். சென்னியப்பன் சுவரில் சாய்ந்தபடி நான் கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். இரண்டு பெண் குழந்தைகள் மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தன. நான் கிளம்பும்போது அவர் மனைவி பாவாயி வாசல் வரை வந்து, அவர் காதில் விழாமல் சொன்னாள்.

"காலு போனதுகூடத் தொலையுதுங்க. அந்தக் குழியில இன்னொருத்தரு எறங்கிப்போட்டா அப்பறம் எங்களுக்கு இந்த ஊர்ல என்னங்க இருக்குது?"

பசியாறிய பின் ஒரு கேள்வி

மனு நியாயமானதுதான் என்று எழுதிக் கொடுத்தேன். தை பிறந்து வந்த முதல் புதன்கிழமை சென்னியப்பனை வரவழைத்தார்கள். உதவி பெறுகிறவர் சபை முன்னால் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது விதி. கக்கத்தில் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு அத்தனை படியும் ஏறி வந்தார். தலைவர் தம் பக்கத்திலேயே உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அன்றைக்குப் பிரசங்கம் நீண்டுவிட்டது. ஒன்றரைக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. தலைவர் எழுந்து விதிப் புத்தகத்தில் இருந்தபடியே கேட்டார்: "சங்கத்தின் சார்பில் உங்களுக்குக் கட்டைக்கால் செய்து கொடுக்க உத்தேசம். வாங்கிக்கொள்ளச் சம்மதமா?"

சென்னியப்பன் கவைக்கோலைப் பிடித்து எழுந்து நின்று கும்பிட்டார். "உங்களுக்கெல்லாம் எதுக்குங்க சிரமம், வேண்டாமுங்க" என்றார்.

சபை ஒரு நிமிஷம் விழித்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மணியடித்துவிட்டேன். துரை தொப்பியை எடுத்துக்கொள்ள, மற்றவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். துரையைத் தவிர மற்றப் பதினேழு பேரும் தங்கள் வீட்டில் விருந்தாளி 'போதும்' என்று இலையை மறைத்தால் அந்தக் கையையே விலக்கிவிட்டுச் சோறு வைக்கிறவர்கள். மாடி ஏறி, மணியைப் பார்த்துவிட்டால் மட்டும் அது எப்படி மறந்துபோகிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மனுதாரர் உதவி வேண்டாமென்று தெரிவித்தார்' என்று சுத்தமான கையெழுத்தில் நான்தான் மினிட் புத்தகத்தில் எழுதினேன். அப்புறம்தான் மனசு கேளாமல் ஓடிப்போய், படியில் பாதி இறங்கியிருந்தவரை நிறுத்தி, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மொதத் தடவ கேக்கறப்பவே 'குடுங்க'ன்னு எப்பிடிங்க சொல்றது? இன்னொருக்காக் கேப்பாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தனுங்க. நீங்க மணியடிச்சுப்போட்டீங்க."

எத்தனை வேண்டாம் ஒரு வேண்டாம்?

மறுநாள் தலைவரின் பங்களாவுக்குப் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். ஆனால், வேண்டாம் என்று பதிவான மனுவை ஆறு மாதத்துக்கு மறுபடி எடுக்கக் கூடாது என்று விதிப் புத்தகத்தைக் காட்டினார். வக்கீலைக் கேட்டேன். ஆமாம் என்றார். ஆறு மாதம் கழித்துக் கால் வந்தால் அதை வைத்துக்கொண்டு சென்னியப்பன் எந்தத் தறியில் உட்காருவார்? கடைசியில் கூட்ட நோட்டீஸில் கையெழுத்து வாங்குகிற சாக்கில் பொள்ளாச்சிக்குப் போய், பழனியப்ப கவுண்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பஞ்சுத் தூசியில் நின்றபடி கேட்டுவிட்டு, "செரி, போங்க" என்றார். அவ்வளவுதான். தலைவரை மீறிப் பேசியதற்கு வேலை போனாலும் போகட்டும் என்று திரும்பினேன்.

அடுத்த புதன்கிழமை வழக்கம்போல் போன வாரத்து மினிட்டைப் படித்தேன். சரிதானா என்று தலைவர் சபையைக் கேட்டார். எப்போதும் யாரும் வாயைத் திறக்காத கட்டம் அது. கவுண்டர் எழுந்தார். "தப்புங்க" என்றார். "அவரு வேண்டாம்னு சொல்லலீங்க. மொத வேண்டாந்தானுங்க சொன்னாரு. எங்கூட்டுல அதக் கணக்குலயே சேத்தறதில்லீங்க."

வக்கீல் ஆட்சேபித்தார். அப்படியானால் எத்தனையாவது வேண்டாம் செல்லும் என்று கேட்டார். அவ்வளவுதான், சபை பிடித்துக்கொண்டது. மூன்றாவதுதான் செல்லும் என்றார் ஒருவர். காப்பிக்கு இரண்டு, சோற்றுக்கு மூன்று என்றார் இன்னொருவர். பணமாகக் கொடுத்தால் நாலு என்று டாக்டர் அடித்துச் சொன்னார். தலைவரே தம் வீட்டு வழக்கத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அன்றைக்குப் பேச வந்திருந்தவர் கையில் காகிதத்தோடு காத்துக்கொண்டிருந்தார். இதுவரை சங்கத்தில் நான் கேட்ட பிரசங்கம் எல்லாவற்றிலும் இந்த வாதம்தான் உருப்படியானது. கடைசியில், மினிட்டில் 'முதல் தடவை' என்ற சொற்களைச் சேர்ப்பது, சபையின் கேள்வி இன்னும் முடியவில்லை, தலைவரே நேரில் போய்ப் பாக்கித் தடவைகளையும் கேட்பது என்று முடிவாயிற்று. திருத்தத்தை அங்கேயே எழுதிச் சேர்த்தேன். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், ஒருவரைத் தவிர. வெள்ளைக்காரத் துரை முகம் சிவந்து, புத்தகத் தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"மூன்று வருஷமாக உங்கள் எல்லார் வீட்டிலும் நான் முதல் தடவையே 'கொடுங்கள்' என்று சொல்லியிருக்கிறேனே, என்னைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?"

கால் போன வீட்டில்

மறுநாளே தலைவரின் காரில் பவானிக்குப் போனோம். தலைவர், கவுண்டர், நான். முன் சீட்டில் தலைவரின் பவுண்டரியில் வார்ப்புக்கு மர அச்சுச் செதுக்குகிற ஆசாரி. தலைவர் இரண்டாவது தடவை கேட்டார். "எதுக்குங்க சிரமம்" என்றார் சென்னியப்பன். மூன்றாவது தடவை கேட்டார். சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க இஷ்டமுங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆசாரி அளவெடுக்கக் கயிற்றை எடுத்துவிட்டார்.

தை முடிய மூன்று நாள் இருந்தது, செய்து முடித்த கட்டைக்காலை எடுத்துக்கொண்டு நாலு பேரும் மறுபடி போனபோது. விடியற்காலையில் கிளம்பியது. வழியில் டயர் வெடித்து, ஒரு டீத்தண்ணீருக்குக்கூட வழியில்லாமல் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஆசாரி தோல் வாரை இழுத்துக் கட்டினார். சென்னியப்பன் சுவரைப் பிடித்து நின்று பார்த்தார். பிறகு யார் கையையும் பிடிக்காமல் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். மரக்கால் மிதிகட்டையில் இரண்டு தடவை வழுக்கியது. ஆசாரி குழிக்குள் குனிந்து, அடிப்பாகத்தில் ஒரு தோல் துண்டை வைத்து ஆணி அடித்தார். மூன்றாம் தடவை கட்டை இறங்கியது. நூல் வரிசை பிரிந்து வாய் திறந்தது. அவர் இடக்கால், மரக்கால், இடக்கால் என்று மிதித்துக்கொண்டே இருந்தார். குறுக்கு நூல் சுற்றிய நாடாவை எடுத்து ஓட்டக்கூட இல்லை. சும்மா மிதித்தார். குழந்தைகள் ஓடிவந்து குழிக்குள் எட்டிப் பார்த்தன. தலைவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மணியை அடித்த கை இதுதான் என்று மூன்று வாரமாக எனக்கு இருந்த பாரம் அன்றைக்குத்தான் இறங்கியது.

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். உள்ளே கொள்ளுப் பருப்பு தாளித்த வாசனை வந்துகொண்டிருந்தது. "ஒரு வாய் சாப்புட்டுப் போலாமுங்க" என்றாள். மூன்று பேரும் ஒரே குரலில், "வேண்டாமுங்க, இப்பத்தான் ஈரோட்டுல ஆச்சு" என்று கூசாமல் புளுகினோம். "செரிங்க" என்று அவள் உள்ளே போய்விட்டாள். கவுண்டர் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. அப்புறம் அவள் நாலு இலையோடு வெளியே வந்தாள்.

"ஒருக்காக் கேட்டுப்போட்டு உள்ள போயிட்டா வவுறு என்ன பாடுபடும்னு இப்பத் தெரிஞ்சுதுங்களா? கையக் கழுவிப்போட்டு உக்காருங்க."

அதற்கப்புறம் எந்த வீட்டுக்கு விசாரணைக்குப் போனாலும் காப்பி என்றதும் முதல் தடவையே சரி என்று சொல்லிவிடுகிறேன்; சங்கத்துக் குமாஸ்தா மரியாதை தெரியாத ஆள் என்று ஜில்லா முழுக்கப் பெயர் எடுத்ததுதான் இத்தனை வருஷ சேவையில் நான் கண்ட மிச்சம்.