கரைக்குப் போன பிள்ளை

சென்ற வியாழக்கிழமை பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு என் மகள் வீட்டுக் கதவைத் திறந்து, பள்ளிப் பையைக் கூடத்தில் எறிந்திருக்க வேண்டும். கதவு திறக்கவில்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் இருக்கும் பாபடோயிட்டோயில் பள்ளி விட்டு எங்கள் தெருவுக்கு வரும் வழியில் டெய்ரி என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடையும் ஒரு பூங்காவும்தான் இருக்கின்றன. டெய்ரிக்காரர் அன்றைக்கு அவளைக் காணவில்லை என்றார். பூங்காவில் பந்து விளையாடிய பையன்கள் நான் காட்டிய படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அவளுடைய கைத்தொலைபேசி அணைந்திருந்தது. பென்ரோஸில் சரக்குக் கிடங்கில் வேலையில் இருந்த கணவரை அழைத்தேன்.

"எங்கயாவது சிநேகிதியளோட கதைச்சுக்கொண்டு நிப்பாள். பதறாதையும்" என்றார். பதறாதே என்று சொன்ன மனிதர் அதற்குப் பிறகு நிமிடத்துக்கு நிமிடம் அழைத்துக்கொண்டே இருந்தார்.

நான் கணக்கியல் படித்தவள். எதையும் ஒழுங்காக எண்ணிப் பார்ப்பது என் தொழில். அன்று என்னால் அடுத்த தெருவின் பெயரைக்கூட நினைவுபடுத்த முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பொலிசுக்குச் சொன்னேன். அவளுடைய அடையாளம் கேட்டார்கள். "தலைமுடி சுருள். நல்ல சுருள்" என்று சொன்னேன்.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. முழங்கால்வரை சேறோடு என் மகள் இறங்கினாள். முகம் முழுவதும் சிரிப்பு. கூட வந்தவர் இந்த நாட்டின் பூர்வகுடியைச் சேர்ந்த அவளுடைய மாவோரிச் சிநேகிதியின் சின்னம்மா. மானுகாவ் துறைமுகக் கரையில் அவர்களுடைய பழைய ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிறார்கள். இப்போது சுற்றிவர வேலி போட்டுப் புது வீடுகள் கட்ட வருகிறார்களாம். ஊர் கைவிட்டுப் போகாமல் இருக்க உறவுகளெல்லாம் கூடி நிற்கிறார்களாம். என் மகளும் சிநேகிதியோடு போய்க் கரையைத் துப்புரவாக்கியிருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியும் என்று அவர்களிடம் பொய் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் நன்றி சொன்னேன். வான் திரும்பியதும் மகள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் அழவில்லை. அங்கே ஒவ்வொருவரும் எழுந்து நின்று தங்கள் மலை எது, தங்கள் நீர் எது, தாங்கள் யாருடைய மக்கள் என்று சொன்னார்களாம். இவளுடைய முறை வந்தபோது இவள் தனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னாளாம்.

"மம், வி மஸ்ட் ஹேவ் ஒன்" என்றாள். கட்டாயம் ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்கிறாள்.

நான் அவளைக் குளிக்கப் போகச் சொன்னேன்.

இரண்டு நாள் லீவு எடுத்து வீட்டில் இருக்கிறேன். அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், ஒரு காலத்தில் என்னையும் இப்படித் தேடினார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருகோணமலை நகரத்தில் அப்பாவின் குடும்ப வீட்டில் இருந்தோம். வீட்டை ஆண்டவர் அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய மாமி. அம்மாவின் தலைமுடியை எந்த எண்ணெயும் படிய வைத்ததில்லை. எனக்கும் அதே முடி. பள்ளியில் பிள்ளைகள் என்னைக் "காப்பிலி" என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதால் பெரிய மாமி, "உன்ர அம்மாவின்ர ஆக்கள் பறங்கியள் எண்டு சொல்லு" என்பார். வெள்ளைக்காரக் கலப்பு என்றால் ஊரில் ஒரு மரியாதை. அம்மா அதை மறுத்ததில்லை.

அம்மாவின் ஆட்கள் பறங்கியர் இல்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிறகு ஆங்கிலேயரும் படைக்கும் கோட்டை வேலைக்குமாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த காப்பிலியரின் வழி. சண்டை முடிந்து கப்பல்கள் போய்விட்டன. இவர்கள் துறைமுகத்து உள்குடாவின் கரையில் நின்றுவிட்டார்கள். நிலக்கரி இறக்கினார்கள், வலை இழுத்தார்கள், மாதாவைக் கும்பிட்டார்கள், தமிழில் சண்டை பிடித்தார்கள். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தபோது அம்மாவைக் கண்டு விரும்பினார். பெரிய மாமி ஒரு நிபந்தனையோடு கலியாணத்துக்குச் சம்மதித்தார். இனி அம்மா அந்தக் கரையில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் திரும்பி இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. அப்பா தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினார்.

இவையெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தவை. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் எனக்கு ஒரு முழு ஊர் உறவு இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மீன்கார மாமா.

அவர் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு வீட்டின் பின்வாசல் படலைக்கு வருவார். அவர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஆனாலும் பெரிய மாமியின் காது கேட்கும் தூரத்தில் இருவரும் விற்பவரும் வாங்குபவருமாகத்தான் பேசுவார்கள்.

"நேத்தையப் பாரையை இண்டைக்குக் கொண்டந்திருக்கிறீர்" என்பார் அம்மா.

"நேத்துச் செத்தது நானம்மா, மீன் இல்லை. வடிவாப் பாருங்கோ."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். அவ்வளவு நேரமும் மாமா ஊர்ப்புதினம் சொல்வார். கரையில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. ஒரு கிழவர் போய்விட்டார். ஒரு மனுசி கால் வீங்கி எழும்ப முடியாமல் கிடக்கிறா. யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார். யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பது போல அம்மா கேட்பார். மீன் வாங்க இவ்வளவு நேரமா என்று பெரிய மாமி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

என்னைத் தேடிய அந்தச் சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா பெண்கள் கூட்டத்துக்காகக் கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா வெளியூர் வேலையில் இருந்தார். பெரிய மாமி மத்தியான நித்திரை. மாமா படலையில் மணி அடித்தார்.

"அம்மா இல்லையோ? அப்ப இண்டைக்கு நீதான் வீட்டுக்காரி. சொல்லு, சூடை வேணுமோ பாரை வேணுமோ?"

நான் ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் வீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒரு ஆள் உன்னை ஒருக்காப் பாக்கோணும் எண்டு கிடக்கிறா. வாறியோ? விளக்கு வைக்க முதல் கொண்டந்து விட்டிடுவன்."

நான் யோசிக்கவே இல்லை. சைக்கிள் பாரில் ஏறிவிட்டேன். இப்படி ஒருவர் கூப்பிட்டு என் மகள் போனாள் என்றால் நான் என்ன ஆவேன்? ஆனால் அன்றைக்குக் காற்று முகத்தில் அடித்தது, கோட்டைப் பக்கத்து மான்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. நான் மணியை அடித்துக்கொண்டே போனேன்.

கரையில் பலகை வீடுகள், தகரக் கூரைகள், வெள்ளையடித்த ஒரு சிறிய மாதா கோயில். நான் இறங்கியதும் ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எங்கே பார்த்தாலும் அம்மாவின் நெற்றி. ஒரு பெண் குழந்தை என் பின்னலை இழுத்து அவிழ்த்துவிட்டு, "ஐயோ, இவளுக்கும் எங்கட தலை!" என்று கத்தினாள். பள்ளியில் இதைச் சொல்லித்தான் அடிப்பார்கள். இங்கே எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டு ஒருவர் படுத்திருந்தார். அவர் அம்மாவின் அக்கா, எனக்குப் பெரியம்மா.

"நீ ஆருட பிள்ளை?" என்று கேட்டார்.

அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"அது சரி. அம்மா ஆர்?"

"அம்மா பறங்கி" என்றேன், சொல்லித் தந்தபடியே.

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பிறகு பெரியம்மாதான் முதலில் சிரித்தார். கட்டில் குலுங்கச் சிரித்தார். "அப்ப நானும் பறங்கிதான்டி. உந்தா நிக்கிறாரே மீன் பெட்டியோட, அவர் துரை. துரைக்குக் கதிரை போடுங்கோ!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டுப் போடச் சொன்னார். ஒருவர் வெறும் போத்தலில் கரண்டியால் தட்டினார். ஒருவர் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை ஒன்றோடொன்று மோதினார். மெதுவாகத் தொடங்கிய பாட்டு ஓட்டமெடுத்தது. தமிழ் இல்லை. என்ன அர்த்தம் என்று கேட்டேன். "ஆருக்குத் தெரியும்? பாடினா கால் நிக்காது, அதுதான் அர்த்தம்" என்றாள் என் பின்னலை அவிழ்த்தவள். எனக்கும் கால் நிற்கவில்லை.

பெரியம்மாவின் மகன் இப்போதும் அந்தக் கரையில் இருக்கிறான். போரும் கடலும் விட்டுவைத்த வீடுகள் சிலதான். கோயிலோடு சேர்த்து அந்த நிலத்தை ஹோட்டலுக்குக் கேட்கிறார்களாம். அவன் விடமாட்டேன் என்று நிற்கிறான். எஞ்சிய கிழவர்களைப் பாட வைத்து, கைத்தொலைபேசியில் பதிந்து எனக்கும் அனுப்புகிறான். அன்று பாடிய பாட்டின் நடுவில் ஓரடி ஒருவருக்கும் நினைவு வரவில்லை, உனக்கு வருதா என்று கேட்டிருந்தான். எனக்குச் சிரட்டைச் சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. அவன் அனுப்புபவற்றை நான் காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்பேன். வீட்டில் வேறு ஒருவருக்கும் கேட்காது.

அன்று கரையில் வெயில் தாழ்ந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று சிணுங்கினேன். மாமா உடனே எழுந்து வீட்டின் பின்பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் சைக்கிளின் முன்சில்லருகே குந்தியிருந்து, காற்றடிக்கும் இடத்தின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். உஸ்ஸ் என்று சத்தம் வந்தது.

"மாமா, காத்துப் போகுது."

"ஓம் பிள்ளை, போகுதுதான்."

"மூடுங்கோவன்."

"ஆணி ஏறிட்டுது. மூடி என்ன செய்யிறது?" என்று சொல்லிவிட்டுப் பின்சில்லுக்கு நகர்ந்தார்.

முற்றத்துக்கு வந்து, இரண்டு சில்லும் போயிற்று என்று அறிவித்தார். பம்ப் இருக்கே என்றார் பெரியம்மா. பம்பும் பழுது என்றார் மாமா. பெரியம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நகரத்துக்குப் போகவிருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் மாமா செய்தி சொல்லி அனுப்பினார். பிள்ளை கரையில் நிற்கிறாள், சைக்கிளில் ஆணி ஏறிவிட்டது, வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்.

"தாயிட்டச் சொல்லு. வேற ஆரிட்டயும் சொல்லாதை" என்றார்.

அங்கே வீட்டில் அம்மா முதலில் பார்த்தது கிணற்றைத்தானாம். கிணற்றுக்குள் என் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். பிறகுதான் செய்தி வந்தது. பெரிய மாமி வாசலில் நின்று, "ஆரையாவது அனுப்பிக் கூப்பிடுவிப்பம். நீ போகாதை. போனா..." என்று நிறுத்தினாராம். மிச்சத்தை அவர் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டில் ஒரு நாளும் இருக்கவில்லை. அப்பா வாடகை வீடு பார்த்து எங்களைக் கொண்டுபோனார்.

கரையில் எல்லோரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு நின்றுவிட்டது. வருவாளா என்று ஒருத்தி மெல்லக் கேட்க, மற்றவள் அவளைக் கிள்ளினாள். நான் அடி விழப்போகிறது என்ற பயத்தில் மாமா உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமாவின் கால்களும் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் அடி விழும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா நடந்து வந்தார். கோயிலுக்குக் கட்டிய சேலை. மணல் தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நேரே சைக்கிளருகே போய்க் குனிந்து, முன்சில்லைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். பின்சில்லையும் பார்த்தார்.

"ஆணி எங்க?" என்று தம்பியிடம் கேட்டார்.

"விழுந்திட்டுது, அக்கா."

அவர் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டதை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். அம்மா அவரை அடிக்கவில்லை. என்னையும் அடிக்கவில்லை. என் அவிழ்ந்த தலையை ஒரு கையால் தடவிவிட்டு, வாசற்படியில் குனிந்து உள்ளே போனார். பெரியம்மாவின் கட்டில் விளிம்பில், கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"அக்கா, சோறு ஏதும் கிடக்கோ?" என்றார் அம்மா.

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மாமா வெளியே போய் நின்று மூக்கைச் சிந்தினார். மத்தியானம் அம்மா என்னோடு இருந்து இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டதை நான் கண்ணால் கண்டவள். அதற்குள் மறுபடி பசித்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.