கடைசி டியூப் வரைக்கும் போட்ட சவரி

நம்ம லேப் சவரிமுத்து போய்விட்டான். நேற்று மத்தியானம், அவன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே... டைஃபாய்டு.

இன்று சாயந்தரம் பூசை முடிந்து அடக்கம். ரீடிங் ரூம் போர்டில் இதை ஒட்டுகிறேன், பார்க்கிறவர்கள் மற்ற நண்பர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

நானும் அவனும் ஒரே மாதத்தில் லேபில் சேர்ந்தோம். நான் அவசரக்காரன். அவன் ரேக்கில் டியூப் அடுக்கி முடிப்பதற்குள் நான் காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

சீரம் எடுக்க வளர்க்கிற முயலுக்குப் பெயர் வைத்தவன் அவன் ஒருவன்தான். ஊசி போடும் முன் "கொஞ்சம் பொறுத்துக்க மீனாட்சி" என்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

லேப் வேலை தெரியாதவர்களுக்கு... டைஃபாய்டு கிருமியை ஊசி போட்ட முயலின் சீரம் (ரத்தத்தின் தெளிநீர்), அதே கிருமியைத் திரட்டி டியூபின் அடியில் படிய வைக்கும். மேலே தெளிந்துவிடும். கலங்கலாகவே நின்றால் அது வேறு கிருமி.

சிக்கல் என்னவென்றால், சீரம் கெட்டியாக இருந்தால் டைஃபாய்டின் பங்காளிக் கிருமிகளும் திரளும். டியூபுக்கு டியூப் உப்புத்தண்ணீர் விட்டு நீர்க்க நீர்க்க, அசல் மட்டும்தான் கடைசி டியூப் வரை தெளியும்.

ஒரு தடவை குளுவாங் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகையில் கஞ்சி காய்ச்சும் முனியம்மாவிடமிருந்து பரவுகிறது என்று சந்தேகப்பட்டார்கள். டைஃபாய்டு என்றால் அவளைத் தனியே அடைப்பார்கள், வேலையும் போகும்.

அவள் மலத்தில் வளர்த்த கிருமி என் மேசைக்கு வந்தது. மூன்று டியூப் போட்டேன், மூன்றும் தெளிந்தன. 'டைஃபாய்டு' என்று சிலிப் எழுதி, அன்றைய ரயிலில் எஸ்டேட்டுக்கு அனுப்பக் கவரில் போட்டேன்.

சவரி கவரைப் பிடுங்கிக்கொண்டான். "கடைசி வரைக்கும் போடலியே நீ?"

"மூணும் தெளிஞ்சிருச்சு, பிறகென்ன? ரயிலு போயிடும்லா!"

"ரயிலு நாளைக்கும் இருக்கு. அந்தம்மாவுக்கு வேலை போனா போனதுதான்."

மறுநாள் காலை அவன் போட்ட ரேக்கைப் பார்த்தேன். நான் நிறுத்திய இடத்துக்கு அடுத்த டியூபிலிருந்து எல்லாம் கலங்கல். டைஃபாய்டே இல்லை, சாதுவான ஏதோ ஒரு பங்காளி.

முனியம்மா கஞ்சிப் பானைக்குத் திரும்பினாள். என் சிலிப்பைச் சவரி கிழித்துப் போட்டான், டாக்டரிடம் மூச்சு விடவில்லை. நானும் இன்றுவரை சொன்னதில்லை... வெட்கம்.

போன வாரம் அவனுடைய ரத்தமே என் மேசைக்கு வந்தது. பத்து நாள் காய்ச்சல். எங்கே தொற்றியதோ, தெரியவில்லை.

இந்த டெஸ்டில் எல்லாம் தலைகீழ், நோயாளியின் சீரம், நமக்குத் தெரிந்த கிருமி. டைஃபாய்டுக்கு ஒரு வரிசை, அதன் பங்காளியான பாராடைஃபாய்டுக்கு ஒரு வரிசை. பாராடைஃபாய்டு என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

கடைசி டியூப் வரை போட்டேன். டைஃபாய்டு வரிசை எங்கேயாவது கலங்காதா என்று காலையில் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

பாராடைஃபாய்டு வரிசை இரண்டாவது டியூபிலேயே கலங்கல். டைஃபாய்டு வரிசை கடைசி வரை தெளிந்திருந்தது.

வார்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

"எத்தனை டியூப் போட்டே?"

"எல்லாம் போட்டேன் சவரி."

"அப்ப சரி."

போய் வாப்பா. மீனாட்சிக்குப் புல் வைத்துவிட்டேன்.