கார் உள்ளவர்களுக்கு மட்டும்

கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டுத்தான் மிஸ் லுவீனியா வண்டியைக் கிளப்புவார். டெட்ராய்ட்டில் ஜனவரி மாதமானாலும் அதே வழக்கம்தான். பின்சீட்டில் இருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினால், முன் கண்ணாடி வழியாக ஒரு முறை முறைப்பார். "குளிருதா? குல்லாயை இழுத்து விட்டுக்க. குளிர் வந்தா மூக்குதான் ஒழுகும். காத்து இல்லாம போனவங்களை நான் பார்த்தாச்சு."

வண்டி பழைய பியூக். பழுப்பு நிறம், படகு நீளம். அதற்கு டீக்கன் என்று பெயர் வைத்திருக்கிறார். எங்கள் சர்ச்சில் ஜெபம் சொல்ல எழுந்திருக்கும் சபைப் பெரியவரான டீக்கனைப் போலவே அதுவும் கிளம்ப நேரமெடுக்கும், கிளம்பிவிட்டால் சுலபத்தில் நிற்காது. இங்கே வண்டிகள் வலப்புறமாக ஓடும் என்பதால், எதிரே வருபவர்களைக் கடந்து இடப்பக்கம் திரும்புவது அவருக்குப் பிடிக்காது. வலம், வலம், மறுபடி வலம் என்று சுற்றி வந்துதான் இடப்பக்கத் தெருவுக்குள் நுழைவார். கேட்டால், "எதிர்ல வர்றவன் நிறுத்துவான்னு நம்பித் திரும்பறதா? அவ்வளவு நல்லவங்களை நான் இன்னும் சந்திக்கலை" என்பார்.

ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர். அந்தக் குரல் இன்னும் போகவில்லை. தெருக்கோடி ஹோசியா அவரைவிட மூத்தவர். அவரையே "கண்ணு, முதுகை நிமித்து, தட்டை நேராப் பிடி" என்று அதட்டுவார். ஹோசியாவும் நேராகப் பிடிப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிஸ் லுவீனியா வேறு ஆள். இறகு வைத்த ஊதாத் தொப்பியோடு அவர் படியிறங்கும்போது, எதிர்வீட்டுக்காரனான நான் காபிக் கோப்பையோடு எழுந்து நின்றுவிடுவேன்.

பெருந்தொற்று வந்த அந்த வசந்தத்தில், எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்று தொலைக்காட்சி நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. பஸ் ஓட்டுபவர்கள், முதியோர் இல்லத்தில் துணி மாற்றுபவர்கள், மளிகைக்கடையில் பெட்டி அடுக்குபவர்கள் எல்லோரும் வழக்கம்போலக் கிளம்பினோம். நகர எல்லையான எட்டாம் மைல் சாலைக்கு வடக்கே பெரிய வீட்டுக்காரர்கள் பக்கமும் அதே நோய்தான். அங்கே பெரும்பாலும் வந்துவிட்டுப் போனது. எங்கள் பக்கம் வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போனது. கதவுக்குக் கதவு துக்கப் பூவளையம் தொங்கியது.

மிஸ் லுவீனியாவின் தம்பி ஆர்செல் நகரப் பேருந்து ஓட்டுநர். அவருக்குச் சொந்தக் கார் இல்லை. எங்கள் பகுதியில் காருக்குக் கட்டும் காப்பீட்டில் இன்னொரு கார் வாங்கிவிடலாம் என்று சொல்லி எப்போதோ விற்றுவிட்டார். காய்ச்சல் வந்ததும், தொற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள, மைதானத்து வண்டி நிறுத்தத்தில் கூடாரம் போட்டிருந்த இடத்துக்கு நடந்தே போனார். அக்காவுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் அவரை அழைக்கவில்லை. வாசலில் அட்டை இருந்தது: கார் உள்ளவர்களுக்கு மட்டும். காவலாளி அதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இரவு தொலைபேசியில்தான் அக்காவிடம் சொன்னார். விடிந்ததும் டீக்கனோடு தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார் மிஸ் லுவீனியா. ஆர்செலால் எழுந்திருக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கட்டில் கிடைக்கக் காத்திருந்தார். பிறகு ஒரு நர்ஸ் பிடித்திருந்த கைபேசித் திரையில், பேச முடியாத தம்பியிடம் அக்கா மட்டும் பேசிக்கொண்டிருந்தார். அதோடு முடிந்தது.

"சின்ன வயசுலேர்ந்து யார்கிட்டயும் வாயைத் திறந்து எதுவும் கேக்க மாட்டான்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "அன்னைக்கு ஒரு தடவை கேட்டான். இல்லைன்னுட்டாங்க."

அடக்கம் முடிந்த வாரமே டீக்கன் மைதானத்து வரிசையில் நின்றது. பின்சீட்டில் இருமலோடு ஹோசியா. வீட்டில் விட்டுவிட்டு, இருக்கையைத் துடைத்து, முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு மறுபடி வரிசை. மறுநாளும் அப்படியே. அவருடைய வயதுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். "கண்ணாடி இறக்கித்தானே இருக்கு?" என்று வாயை அடைத்துவிட்டார்.

வாசல் காவலாளி டெல்மருக்குக் குழப்பம். நெட்டையான, இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிற மனிதர்.

"அம்மா, நீங்க காலையிலயும் வந்தீங்களே?"

"வந்தேன். இப்பவும் வந்திருக்கேன்."

"ஒரே வண்டி திரும்பத் திரும்ப வர்றதுன்னா…"

"கார் வேணும்னு அட்டை போட்டிருக்கீங்க. கொண்டாந்திருக்கேன். பின்னால இருக்கறவங்களுக்கு மூக்கு இருக்கு. வேற என்ன வேணும்?"

டெல்மர் வழிவிட்டார். தினமும் வழிவிட்டார்.

ஒரு மழைநாளில், சரியாக வாசலுக்கு நேரே, டீக்கன் ஒரு விக்கல் விக்கிவிட்டு அடங்கிப்போனது. பின்னால் வரிசையில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அன்றைக்குப் பின்சீட்டில் நான்தான், காய்ச்சலோடு. கூடாரத்திலிருந்து மேலதிகாரி அம்மா ஓடிவந்து, ஓடாத வண்டியை உள்ளே விட முடியாது, ஓரம் கட்டுங்கள் என்றார். மிஸ் லுவீனியா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கார் வேணும்னுதான் எழுதியிருக்கீங்க. ஓடணும்னு எழுதலையே."

அந்த அம்மா அட்டையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அதற்குள் டெல்மர் கையுறையை இறுக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துவிட்டார். அந்தக் காலோடு, மழையில், படகு நீளப் பியூக்கை அங்குலம் அங்குலமாகத் தள்ளிக் கூடாரத்துக்குள் சேர்த்தார். எனக்குப் பரிசோதனை முடிந்தது. தொற்று உறுதியானது, சீக்கிரமே சிகிச்சை கிடைத்தது, பிழைத்துக் கிடக்கிறேன். மறுவாரம் கயிறு கட்டி, நாற்காலி போட்டு, நடந்து வருபவர்களுக்குத் தனி வரிசை திறந்தார்கள். அட்டையைக் கழற்றியவரும் டெல்மர்தான்.

ஆனால் அந்த மழையில் இன்னொன்றும் நடந்தது. தள்ளி முடித்த டெல்மர் மூச்சு வாங்க ஜன்னலோரம் வந்து நின்றார். "அம்மா, உங்களை மாதிரியே முகம். பஸ் டிரைவர் உடுப்புல ஒருத்தரை நான் இங்கேர்ந்து…"

"தெரியும்" என்றார் மிஸ் லுவீனியா. "நெட்டையா ஒரு ஆளு, கால் தாங்கறான், திரும்பத் திரும்ப மன்னிச்சுக்கோங்க மன்னிச்சுக்கோங்கன்னான் பாவம்னு, தம்பி போன்ல சொன்னான். முதல் நாளே உங்களைத் தெரியும்."

டெல்மர் மழையிலேயே நின்றார்.

பிறகு ஒருநாள் கேட்டேன், அந்த ஆள் மேல் கோபமே வரவில்லையா என்று. "வந்துச்சு. வராம இருக்க நான் என்ன சிலையா?" என்றார். "ஆனா அவன் அட்டையைப் படிச்சவன். அதை எழுதினவன் வீட்டு வாசல்ல ரெண்டு கார் நின்னுருக்கும். இல்லாத வீடு எப்படியிருக்கும்னு அவனுக்கு யாரு சொன்னா?"

இப்போது டீக்கனின் பின்சீட்டில் சிறுநீரகத்துக்கும் சர்க்கரைக்கும் மருத்துவமனை போகிறவர்கள் ஏறுகிறார்கள். டெல்மர் எங்கள் சர்ச்சுக்கே வரத் தொடங்கிவிட்டார். போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மிஸ் லுவீனியா வறுத்த கெளுத்தி மீனோடு மேசை மேசையாக வந்தார். எங்களுக்கெல்லாம் கரண்டியால் வைத்துவிட்டு நகர்ந்தவர், டெல்மரிடம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். மீனைக் கையில் எடுத்துப் பிட்டு, விரலால் தடவித் தடவி முள்ளை எல்லாம் எடுத்துவிட்டு, அவர் தட்டில் வைத்தார்.