சேற்றில் கிடந்த வெள்ளி

கிள்ளான் ஆறு பெருகிக் கோலாலம்பூருக்குள் புகுந்த ஆண்டில் நான் அங்கே சுரங்க அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். கற்களும் தாதுக்களும் வைத்திருந்த கீழ்த்தள அறையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வெள்ளம் வடிந்தபோது இழுப்பறைகள் ஊறிப் பிளந்து, கற்களெல்லாம் சேற்றோடு தரையில் கிடந்தன. பெயர் எழுதி ஒட்டியிருந்த சீட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கனிமம் படித்த துரை அப்போது பஹாங் காட்டில் இருந்தார். பொறுப்பிலிருந்த துரைக்கு நிர்வாகம்தான் தெரியும். கனிமத் துரையிடம் கொஞ்சம் கற்றிருந்ததால், கற்களைக் கழுவி மறுபடி இனம் பிரிக்கும் வேலை என்னிடம் வந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெருக்க வரும் அம்மாள் சேற்றை அள்ளிக் கொட்டினார். ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் இறந்தபின் இந்த வேலைக்கு வந்தவர். நான் அவரை அக்கா என்பேன்.

ஈயத் தாதைத் தட்டினால் சின்னச் சின்னக் கட்டங்களாக உடையும். வெள்ளிபோல மினுங்கும் ஆர்சனிக் கல்லைச் சூடாக்கினால் பூண்டு வாடை வரும். தகரத் தாது கத்திக்கு மசியாது. இப்படி ஒவ்வொன்றாக எல்லாம் கிடைத்தன, இயற்கை வெள்ளி மட்டும் கிடைக்கவில்லை. மேல்மாடிப் பதிவேட்டின்படி அது நார்வே நாட்டுச் சுரங்கத்திலிருந்து வந்தது. உருக்கிப் பிரித்ததல்ல, பாறைக்குள்ளேயே வெள்ளியாக விளைந்தது. நான் அதைப் பார்த்ததில்லை என்பதால் பளிச்சென்ற ஒன்றையே தேடிக்கொண்டிருந்தேன்.

பொறுப்புத் துரை அக்காவைக் கூப்பிட்டார். அவர் இங்கிலீஷில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"வெள்ளி ஒண்ணு காணோம். நீங்க எடுத்தீங்களான்னு கேக்கிறாரு."

"நான் சேறுதான் அள்ளுனேன், கிராணி. வெள்ளி கெடந்திருந்தா உங்க கண்ணுல பட்டிருக்காதா?"

துரை நம்பவில்லை. மறுநாளுக்குள் கிடைக்காவிட்டால் போலீசில் சொல்லப்போவதாகச் சொன்னார். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடியே நின்றார். கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

மேல்மாடியில் கனிமப் புத்தகம் ஒன்று தப்பியிருந்தது. இயற்கை வெள்ளி பெரும்பாலும் கம்பியாகவோ கிளை விட்டோ இருக்கும், காற்றுப்பட்டுக் கறுத்துப்போகும் என்று அதில் படித்ததும் கீழே இறங்கினேன்.

"அக்கா, கறுப்பா, கம்பிச் சுருள் மாதிரி ஏதாவது அள்ளினீங்களா?"

"துருக்கம்பி நெறைய இருந்திச்சு. பின்னால கொட்டியிருக்கேன்."

இருவரும் குவியலைக் கிளறினோம். துருப்பிடித்த கம்பிகள் வளைத்ததும் ஒடிந்தன. ஒரு சுருள் மட்டும் ஒடியாமல் வளைந்தது. அளவுக்கு மீறிய கனம். அறுந்த முனைகள் விரலில் குத்தின. கத்தியால் சுரண்டியபோது உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தேன். நீரைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். வெள்ளிதான்.

அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இதுக்கா போலீசு?" என்றார்.

துரை "குட்" என்றார். அக்காவிடம் சொல்லச் சொல்லி வேறெதுவும் கூறவில்லை.

உலகத்து வெள்ளியில் பெரும்பங்கு ஈயத் தாதோடு கலந்துதான் வருகிறது. ஆனாலும் இந்தச் சுருளை நான் ஈயத் தாதுக்களோடு வைக்கவில்லை. வேறொன்றோடும் சேராமல் தனித்துக் கிடைக்கும் தனிமங்களுக்கென்று புதிதாகச் செய்த முதல் இழுப்பறையில், தங்கத்துக்கும் செம்புக்கும் நடுவில் வைத்தேன். பஹாங்கிலிருந்து திரும்பிய துரை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அக்கா வேலையை விடவில்லை. ஆனால் அந்த அறைக்குள் தனியாகப் போக மறுத்துவிட்டார்.

"நீங்க வாசல்ல நில்லுங்க, கிராணி. நான் பெருக்கிட்டு வந்திடுறேன்."

கிள்ளான் ஊருக்கு மாற்றலாகும்வரை காலையில் நான் போய் நின்றேன்.