பப்ளிக் என்றால் யார்

வெயிலில் கிடந்து சூடேறிய ரப்பர் செருப்பின் வாடை, அதோடு கொஞ்சம் ஆட்டு வாடையும் கலந்து எங்கேயாவது மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். "பப்ளிக்" என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு நான் அர்த்தம் படித்தது அந்த வாடையில்தான்.

அதற்கு முன்னாலும் அந்த வார்த்தை எங்கள் ஊரில் புழங்கத்தான் செய்தது. கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வருகிற கரிசல்காட்டு ஊர். பஸ் நிற்காமல் போனால் "பப்ளிக் மறிச்சுட்டாங்க" என்பார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டால் "பப்ளிக் சத்தம் போட்டாங்க" என்பார்கள். ஒன்பது வயசுப் பிள்ளையான நான், பெரிய தொண்டையும் பெரிய கையும் உள்ள யாரோ கொஞ்சம் பேர் வெளியூரிலிருந்து வந்து, எங்களுக்காகச் சண்டை போட்டுவிட்டுப் போகிறார்கள் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடு வளர்க்கிற வீடுகளுக்கெல்லாம் அப்போது ஆளுக்கொரு "காதுவெட்டு" உண்டு. என் பெரியப்பா வீட்டு ஆடுகளுக்கு இடது காது நுனியில் சின்ன முக்கோணமாகக் கத்தரித்திருக்கும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீராக இரண்டு மூன்று ஆடு ஓட்டிவிடுவார்கள். போன இடத்தில் அவை போடுகிற குட்டிகளுக்கும், அந்தக் குட்டிகளின் குட்டிகளுக்கும் பிறந்த வீட்டு வெட்டைத்தான் வெட்டுவார்கள். "அது பொறந்த வீட்டு ஆடுல்லா" என்று பெண்கள் அதைத் தனிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சனிக்கிழமை காலையில் மட்டும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

முந்தின சாயங்காலமே பெரியப்பாவின் வெள்ளாடு ஒன்று பட்டிக்குத் திரும்பவில்லை. காலையில் புதூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், டிவிஎஸ் வண்டியில் காலுக்கு நடுவே ஒரு ஆட்டைக் கட்டிவைத்துக்கொண்டு எட்டயபுரம் சந்தைக்குப் போகிற வழியில், எங்கள் ஊர் நிறுத்தத்தில் டீ குடிக்க இறங்கினார். பெரியப்பா போய் ஆட்டின் காதைத் தூக்கிப் பார்த்தார். இடது காது, நுனியில் முக்கோணம்.

"அண்ணாச்சி, எங்க ஆச்சி பொறந்த ஊரே இதுதான். அவிய கொண்டாந்த சீருல பெருகுன ஆடு இது. விசாரிச்சுப் பாருங்க" என்றார் அந்த ஆள்.

"ஏலே, ஆட்டயும் களவாண்டுட்டு ஒறவு வேற கொண்டாடுதியா?" என்றார் பெரியப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முதல் அறை விழுந்தது.

பிறகு அவரைப் புளியமரத்தில் சேர்த்துக் கட்டினார்கள். எங்கள் ஊரில் அதற்கொரு முறை இருந்தது. ஆளுக்கு ஒரு அடி. ஒருத்தரே நாலு அடி அடிக்கக் கூடாது, ஒருத்தரும் அடிக்காமல் போகவும் கூடாது. வாய்க்கரிசி போடப் போவதுபோல ஒவ்வொருவராக வந்தார்கள். டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார், ஒரு அடி கொடுத்தார், மறுபடி கிளாஸை எடுத்துக் கழுவினார். தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறப்போன ஒரு அக்கா, "ஏ, நில்லுங்க, நான் இன்னும் அடிக்கலியே" என்று இறங்கி ஓடிவந்தார். கை தளர்ந்து அடித்த ஒருவரைப் பார்த்து, "என்னடே, பிள்ளய ஒறங்கப் போடுத மாதிரி தட்டுத?" என்று கேலி வேறு.

என் அப்பா என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "ஏட்டி, நீயும் ஒண்ணு போட்டுட்டு வா."

நான் காலிலிருந்த செருப்பைக் கழற்றினேன். கட்டின கயிற்றிலேயே சரிந்து, அவர் என் உயரத்துக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்து, "வேண்டாந் தாயி" என்றார். நான் அடித்தேன். "பாரேன், சின்னப் பிள்ளைக்கு இருக்க வீரியத்த!" என்று யாரோ சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாந்தி வருகிற அளவுக்கு என்னை நான் வெறுப்பது அடித்ததற்காகக்கூட இல்லை, அந்தச் சந்தோஷத்துக்காகத்தான்.

மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்தபோது அந்த ஆளின் வலது காதிலிருந்து ரத்தம் இறங்கி சட்டைக் காலரில் காய்ந்திருந்தது. "யாருலே இப்பிடி அடிச்சது?" என்று கேட்டார் ஏட்டையா. பெரியப்பா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "பப்ளிக் அடிச்சிட்டாங்கய்யா" என்றார். டீக்கடைக்காரரும், "ஆமாய்யா, பப்ளிக்கு" என்றார். ஏட்டையா அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வெளியூர் ஆள் ஒருத்தரையும் காணோம்.

சாயங்காலம் பெரியப்பாவின் ஆடு, வயிறு முட்டக் கருவேலங்காயைத் தின்றுவிட்டு ஆடி அசைந்து தானாக வந்து சேர்ந்தது. காதில் அதே முக்கோணம். அப்புறம்தான், அந்தக் காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து புதூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு பெண்ணின் பேச்சே ஊர் வாயில் வந்தது. போய் அந்த ஆளைப் பார்த்துவிட்டு வருவோமா என்று என் அம்மா கேட்டதற்கு, "பப்ளிக் செஞ்ச தப்புக்கு நாம என்னத்தா செய்ய?" என்றார் பெரியப்பா. எல்லாரும் சாப்பிட்டார்கள்.

"பப்ளிக்னா யாருப்பா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"எல்லாருந்தான்" என்றார். கையைக் கழுவிவிட்டு, "ஆனா நம்ம இல்ல" என்றார்.

எத்தனை அகராதி புரட்டியும் இதைவிடச் சரியான அர்த்தம் எனக்குக் கிடைக்கவில்லை. பத்தாவதோடு படிப்பு நின்ற பிறகு, பேப்பரையும் மனுத்தாள்களையும் எழுத்துக்கூட்டியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள் நான். இப்போது கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்து, மனு எழுதியும் கொடுக்கிறேன். ரோட்டை அகலப்படுத்தியதில் அந்தப் புளியமரம் போய்விட்டது. பெரியப்பாவும் இல்லை, அப்பாவும் இல்லை. காது வெட்டுகிறவர்களும் இல்லை. ஆடுகள் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையோடு திரிகின்றன. அந்த வார்த்தை மட்டும் கொழுத்துப்போய், ஆளைக் கட்டிவைத்து அடிக்கிற வீடியோவாகப் போனுக்குப் போன் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் ஒரு பெரியவர் உதவித்தொகைக்கு மனு எழுத வந்தார். நான் கேட்பதற்கெல்லாம், நன்றாக இருந்த இடது காதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். காது கேளாமைக்குக் காரணம் என்ன என்று தாளில் ஒரு கேள்வி இருந்தது. அவர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"ஆடு களவாண்டவன்னு நெனச்சு அடிச்சுட்டாங்க தாயி."

"யாரு அடிச்சாங்கய்யா?"

"யாருன்னு சொல்ல? பப்ளிக்குத்தான். அப்பிடியே எழுதிரு."

நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வாயோடு நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டி, பிழையில்லாமல், அந்த வார்த்தையை எழுதினேன். அவர் தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒனக்கு எழுத்து முத்து முத்தா இருக்கு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.