டரன்ட்-வைக் வம்சமும் நகுலேஸ்வரியின் ஒற்றைப் பிள்ளையும்

டரன்ட்-வைக் குடும்பத்தில் முந்நூறு வருடமாக யார் யாருக்குப் பிறந்தான், யார் எந்தச் சண்டையில் செத்தான் என்று கேட்டால், பிழையில்லாமல் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருவர், தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கிவரும் அந்தக் குடும்பத்துச் ‘சேர்’ பட்டத்தின் எட்டாவது சொந்தக்காரர், ஓய்வுபெற்ற பிரிகேடியர் சேர் ஹியூபர்ட். மற்றவர், கென்சிங்டனில் இருந்த அவருடைய வீட்டில் குசினி துடைக்க வந்த நகுலேஸ்வரி.

குசினி துடைக்கப் பிறந்தவள் அல்ல அவள். யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் பதினெட்டு வருடம் படவரைஞராக இருந்தவள். அவள் கீறிய வேலிக் கோட்டை வைத்துக் கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். தொண்ணூற்றாறில் அவள் புருசனைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். மனுசனும் வரவில்லை, அவர் ஓட்டிப்போன சைக்கிளும் வரவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டு ஐப்பசியில் அவள் லண்டன் வந்து, மனோர் பார்க்கில் சித்தப்பா மகன் கிருஷ்ணராசா வீட்டின் மேல்மாடிச் சிற்றறையில் ஒதுங்கினாள். கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது, கதவைத் திறந்தால் கட்டில் போட ஏலாது, அப்படி ஒரு அறை. வேலை செய்யும் அனுமதி ஒரு கடிதமாக வந்தது. ஆனால் யாழ்ப்பாணத்துப் படவரைஞருக்கு லண்டனில் யார் வேலை வைத்திருக்கிறார்கள்? கோடு கீறின கை கோப்பை கழுவினால் குறைந்தா போய்விடும் என்று கிருஷ்ணராசா அண்ணை ஆறுதல் சொன்னார். அவருக்கென்ன, சொல்லலாம். அவர் கடை முதலாளி.

அவளுடைய அகதி வழக்கு நாலாவது வருடமாக இழுபட்டது. அதற்குள் ஒரு முள் இருந்தது. அவளைக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் விமானம் ஏற முன்னமே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: "எத்தினை பிள்ளை எண்டு கேட்டால் ஒண்டு எண்டு சொல்லுங்கோ அக்கா. மகனைப் பற்றி வாய் திறந்தியள் எண்டால் உங்களையும் இயக்கம் எண்டு எழுதிப்போடுவாங்கள்."

மகன் நிரோசன் பதினேழு வயதில், ரியூசனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இயக்கத்துக்குப் போனவன். இரண்டு வருடம் கழித்து, இரண்டாயிரமாம் ஆண்டு சித்திரையில் ஆனையிறவுச் சண்டையில் செத்தான். அதன் பிறகு அவளைத் தேடி இராணுவம் வீட்டுக்கு வரத் தொடங்கியதால்தான் அவள் ஓடிவந்ததே. ஆனால் ஓடிவந்த காரணத்தையே சொல்லக்கூடாது என்றால் என்ன செய்வது? புருசன் காணாமல் போனதை மட்டும் சொன்னாள். பிள்ளைகள் எத்தனை என்று அதிகாரி கேட்டபோது, ஒன்று, மகள் துஷ்யா என்றாள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தாள். நாலு மாதத்தில் இந்த நாட்டில் இயக்கத்தைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த ‘ஒன்றை’ ‘இரண்டு’ ஆக்குவது எந்தக் கொம்பனாலும் ஏலாத காரியமாகிவிட்டது. ஒரு பொய் வெளிவந்தால் மிச்ச உண்மை எல்லாம் பொய்யாகிவிடும். வழக்குத் தோற்றால், யாழ்ப்பாணத்தில் தங்கை பாலாம்பிகையுடன் விட்டுவந்த துஷ்யாவை அவள் கூப்பிடவே முடியாது. பெட்டைக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது.

சேர் ஹியூபர்ட்டுக்கு எண்பத்தொன்று. கலியாணம் கட்டாதவர். தங்கள் வம்ச வரைபடத்தைப் புதிதாகக் கீறி, தன் பழைய படைப்பிரிவின் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் கை நடுங்கியது. ஒருநாள் அவர் மையைக் கொட்டிவிட்டார். துடைக்க வந்த நகுலேஸ்வரி, துடைத்த கையோடு அவர் விட்ட இடத்திலிருந்து கோட்டைக் கீறி முடித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கிழவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எங்கே தன் கோடு முடிந்தது, எங்கே அவள் கோடு தொடங்கியது என்று நன்றாகவே தெரிந்தது. அவளுடையதுதான் நேர். அடுத்த கிழமையிலிருந்து வேலைக்காரிக்கு மேசையில் இடம் கிடைத்தது. பெயரை முழுதாகச் சொல்ல நாக்குப் புரளாமல், முதலெழுத்தை மட்டும் வைத்து ‘மிஸிஸ் என்’ என்று கூப்பிட்டார். கிழமைக்கு மூன்று நாள் வருகிறவளுக்குக் கூட்டுகிற நேரம் குறைந்து கீறுகிற நேரம் கூடியது.

அப்பப்பா, என்ன வம்சம் அது! முதலாமவர் அரசருக்கு ஆபத்தில் குதிரை கொடுத்துப் பட்டம் வாங்கினார். அவருடைய மகன் பிளென்ஹைம் சண்டையில் ஒரு காலை விட்டுவிட்டு வந்து, மிச்சக் காலோடு பதினொரு பிள்ளை பெற்றார். வாட்டர்லூவுக்கு மூன்று சகோதரர்கள் போனார்கள், ஒருவர் திரும்பினார். கிரிமியா, ஆப்கானிஸ்தான், கலிப்பொலி, எங்கே சண்டையோ அங்கே ஒரு டரன்ட்-வைக். களத்தில் செத்தவனின் பெயருக்குப் பக்கத்தில் குறுக்காக இரண்டு சின்ன வாள். அதுதான் இந்த வரைபடங்களின் வழக்கம். நகுலேஸ்வரி பத்தொன்பது சோடி வாள் கீறினாள்.

ஒருவனைப் பற்றி மட்டும் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. ஆயிரத்து எண்ணூற்று மூன்றில் கண்டிக்குப் போன பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவன் அங்கே காய்ச்சலில் செத்திருந்தான். காய்ச்சலில் செத்தவனுக்கு வாள் இல்லை என்றார் கிழவர். போரில்லாவிட்டால் அவன் ஏன் அங்கே வந்து நுளம்புக்குக் கடிபடப் போகிறான் என்று நகுலேஸ்வரி கேட்டாள். சட்டம் சட்டம்தான் என்றார் அவர். இருபது வருடம் மாஜிஸ்திரேட்டாக இருந்த மனுசன். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னவனைத் தான் ஒருநாளும் மன்னித்ததில்லை என்று தேநீர் நேரத்தில் அடிக்கடி சொல்வார்.

அந்த மார்கழியில்தான் அவளுடைய விரல் ஒரு வேலை பார்த்தது. பழைய தோல் வரைபடத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கும்போது, சேரின் தகப்பனுடைய பெயருக்குப் பக்கத்தில் தோல் சொரசொரத்தது. பிளேட்டால் மை சுரண்டின இடம் எப்படி இருக்கும் என்று படவரைஞருக்குத் தெரியாதா? இங்கே ஒரு பெயர் இருந்திருக்கிறது என்றாள். கிழவர் அந்த இடத்தைத் தானும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார். தகப்பனுக்கு ஒரு தமையன் இருந்தான். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினேழில் பிரான்சில் முன்னரங்கை விட்டு நடந்து போனான். பிடித்தார்கள். விசாரணைக்கு முதல்நாள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். தாத்தா அன்றே அவன் பெயரைச் சுரண்டினார். வீட்டில் அவன் பெயரை எவரும் பிறகு உச்சரிக்கவில்லை, அவனுடைய தாய் உட்பட.

"வாள் வேண்டாம், மிஸிஸ் என்," என்றார் சேர் ஹியூபர்ட். "பெயரைப் போடுங்கள். பெற்ற பிள்ளையைச் சுரண்டி எறிந்துவிட்டு வம்சம் என்று சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்க வேண்டும்."

நகுலேஸ்வரி பெயரைப் போட்டாள். கோடு இழுத்தாள். பேனையைத் துடைத்து வைத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாலு வருடம் பூட்டியிருந்த வாய் அந்த இடத்தில் திறந்துவிட்டது. எனக்கும் ஒரு மகன் இருந்தான் சேர் என்றாள். போன கதையையும் செத்த இடத்தையும் சொன்னாள். ஒருமுறை இரண்டு நாள் லீவில் ஆமிக்கு ஒளித்து வீட்டுக்கு வந்தவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, கோபத்தில் ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்ததையும் சொன்னாள். அவனைப் பற்றி அவளுக்குப் பெருமை எதுவும் இருந்ததில்லை. கோபம்தான் இருந்தது, இப்போதும் இருந்தது, அந்தக் கோபத்தைக்கூட ஒருவருக்கும் காட்ட முடியாமல் இருந்ததுதான் பெரிய வேதனை.

கிழவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அவனுடைய பெயர் என்ன என்று கேட்டார். நிரோசன் என்றாள். அவர் அதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார். அன்று ரயிலில் வரும்போது நகுலேஸ்வரிக்கு மனம் லேசாக இருந்தது. தன் மகன் பிறந்தான் என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி இருக்கிறது என்று நினைத்தாள். கிருஷ்ணராசா வீட்டில்கூட அவன் பேச்சு எடுக்கக்கூடாது என்று சட்டம்.

தை மாதம் வழக்குக்குக் கடைசி விசாரணைத் தவணை குறித்தார்கள். வழக்கைப் பார்த்த சொலிசிட்டர் மாதங்கி சென்னைக்காரப் பெண், சூட்டிகையானவள். அவளுக்கும் மகன் கதை தெரியாது. மதிப்பான வெள்ளைக்காரர் யாராவது ஒரு நற்சான்றுக் கடிதம் தந்தால் நீதிபதியிடம் நன்றாக எடுபடும் என்று அவள் சொன்னாள். கேட்டதுதான் தாமதம், சேர் ஹியூபர்ட் தன் பட்டம் பதவி அச்சடித்த தாளை எடுத்துவிட்டார். வியாழக்கிழமை நகுலேஸ்வரி போனபோது கடிதம் தயார். மறுநாள் மத்தியானத்துக்குள் அது சொலிசிட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் எழுந்து நின்று வாசித்தார். நேரம் தவறாதவர். கைத்திறன் அபாரம். இவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை. எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு கடைசிப் பந்தி வந்தது: ‘எல்லாவற்றுக்கும் மேலாக இவர், பத்தொன்பது வயதில் போர்க்களத்தில் உயிர் கொடுத்த ஒரு படைவீரனின் தாய். இதைவிடச் சிறந்த தகுதி எதையும் நான் அறியேன்.’

கிழவரைக் குறை சொல்ல ஏலாது. முந்நூறு வருடமாக அந்தக் குடும்பத்தில் செத்த பிள்ளைதான் பெரிய சான்றிதழ். அரசாங்கத்துக்கு எழுதும்போது அதை விடுவாரா? அந்தப் பந்தி நீதிபதியின் மேசைக்குப் போனால், அவள் நாலு வருடம் கட்டின வழக்கு அந்த இடத்திலேயே சரிந்து விழும். துஷ்யா அங்கே, இவள் இங்கே, அல்லது இவளும் அங்கே.

அந்தப் பந்தியை எடுத்துவிடச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார். உண்மையைச் சொன்னால்? சத்தியம் செய்து பொய் சொன்னவளுக்கு அவர் ஒரு வரிகூட எழுதமாட்டார். அதோடும் விடமாட்டார். வாருங்கள் மிஸிஸ் என், நானும் கூட வருகிறேன், நீதிபதியிடம் உண்மையைச் சொல்லித் திருத்துவோம் என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். நீதிபதியும் தன்னைப் போல எழுந்து நின்று மகனுடைய பெயரைக் கேட்பார் என்று நினைக்கிற மனுசன். இருதலைக் கொள்ளி எறும்புக்காவது ஓடித் திரிய ஒரு குச்சி இருக்கும். நகுலேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் கையெழுத்து வைக்கப் பேனையைத் திறந்தார்.

ஒரே வழிதான் இருந்தது. அவருக்குத் தெரிந்ததை அவருக்குத் தெரியாமல் ஆக்க வேண்டும்.

"சேர், அது பொய்," என்றாள். "எனக்கு மகன் இல்லை. ஒரு மகள்தான். நீங்கள் இரக்கப்படுவீர்கள் என்று அப்படிச் சொன்னேன்."

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய முகத்தில் எதையோ தேடினார். ஒருவேளை நம்பாமல் இருக்கலாம், ஒருவேளை கண்டுபிடித்துவிடலாம் என்று அவளுக்குப் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. அவர் நம்பிவிட்டார். அவருடைய உலகத்தில் தாய் ஒருத்தி இருந்த பிள்ளையை இல்லை என்று சொல்லமாட்டாள்.

"அவன் பெயரைக்கூடச் சொன்னீர்களே," என்றார்.

"அதுவும் பொய்தான்."

அவர் தாளை நாலாகக் கிழித்தார். கத்தவில்லை. புதிய தாள் எடுத்து எழுதினார். நேரம் தவறாதவர், கைத்திறன் நன்று, மூன்று வருடமாக வேலை செய்கிறார். பொய் கேட்டதில்லை என்ற வரி அதில் இல்லை. மடித்து, மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிட்டார். களத்தில் செத்த பிள்ளையை வைத்து விளையாடுபவர்களைத் தான் இதுவரை சந்தித்ததில்லை என்று மட்டும் சொன்னார். நகுலேஸ்வரி கடிதத்தை எடுத்துக்கொண்டு குளியலறையைக் கழுவப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

அன்று பின்னேரமே போன் கார்ட் வாங்கி யாழ்ப்பாணத்துக்கு எடுத்தாள். சமாதான காலம் என்ற துணிவில் வீட்டுக்குள் நிரோசனின் படம் மாலையோடு தொங்கியது. அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னாள். பாலாம்பிகை வாய்க்கு வந்தபடி ஏசினாள், நீயும் ஒரு தாயா என்று கேட்டாள். நகுலேஸ்வரி மகளைக் கூப்பிட்டு, இனி யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். துஷ்யா முதலில் அழுதாள், பிறகு ஓம் அம்மா என்றாள்.

வழக்கு வென்றது. அந்தச் சின்னக் கடிதம் போதுமாக இருந்தது என்று மாதங்கி சொன்னாள். வரைபடம் முடிய இன்னும் மூன்று மாதம் எடுத்தது. சேர் ஹியூபர்ட் அவளை நிறுத்தவில்லை, வேலை நேர்த்தியான வேலை. ஆனால் திருத்தங்களைத் துண்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். தேநீர் அவரவர் தனியாகக் குடித்தார்கள். கடைசி நாள் வணக்கம் சொல்லப் போனபோது அவர் தூங்குவதாக, அவரைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த தாதி சொன்னாள். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் மாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். எங்கே, எப்போது அடக்கம் என்று அவளுக்கு எவரும் அறிவிக்கவில்லை.

துஷ்யா இரண்டாயிரத்து ஐந்து ஆனியில் ஹீத்ரோவில் வந்து இறங்கினாள். ஐந்து வருடத்தில் தாயின் உயரம் வந்துவிட்டாள். ரயிலில் ஏறி இருந்ததும் நகுலேஸ்வரி அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பிட்டியா, விமானத்தில் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தியா என்று என்னென்னவோ கேட்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்ல மாக்ஸ் வாங்கின கதையைப் போலச் சொன்னாள்.

"அம்மா, கொழும்பிலையும் கேட்டவை, இஞ்சையும் கேட்டவை. சகோதரம் ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனான். கொழும்பிலை எண்டால் கொஞ்சம் பயமா இருந்தது. இஞ்சை கேக்கேக்கை எனக்கு யோசிக்கவே வேண்டி வரேல்லை."

நகுலேஸ்வரி மகளின் தலையைத் தடவினாள்.

"கெட்டிக்காரி," என்றாள்.